மூன்றாம் ஆளின் குண்டு

காதலியை வயிற்றில் கத்தியால் குத்துகிறாள் ஒருத்தி. குத்திய மறுநொடியே பதறிப்போய், ரத்தத்தை அடைக்கத் துணி தேடிச் சமையலறைக்கு ஓடுகிறாள். அந்த இடைவெளியில் குத்துப்பட்டவள் துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறாள், குறி தப்புகிறது, அப்புறம் ஆளையே காணோம். 'கில்லிங் ஈவ்' தொடரின் முதல் சீசன் பாரிஸில் ஒரு மாடி வீட்டில் இப்படித்தான் முடிந்தது.

"குத்தினவளே கட்டுப்போடவும் துணி தேடுறாளே மாப்பிள்ளை. இது குடும்பத்துக்கு ஆகிற சம்பந்தம்தான்" என்றார் என் மாமனார்.

மாமா ஏஜிஸ் ஆபீஸில் தணிக்கைப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கதையைப் பார்த்தாலும் வவுச்சர் எங்கே என்று கேட்கிற சுபாவம். வியன்னாவில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பெண்ணின் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, பின்னால் குத்துப்படப்போகிற அந்த வில்லனெல் தன் பாட்டுக்கு நடந்து போகிற முதல் காட்சியிலேயே என் மனைவி விழுந்துவிட்டாள். மாமா அசையவில்லை. இத்தாலியில் ஒரு மாஃபியா பெரியவரின் கண்ணில் அவள் கொண்டை ஊசியைச் செருகியபோதும் அசையவில்லை. "வியன்னா, இத்தாலி, பாரிஸ். பயணப்படி யார் பாஸ் பண்றா?" என்பதுதான் அவர் கவலை. பன்னிருவர் என்ற ரகசியக் கும்பல்தான் சம்பளம், வாடகை எல்லாம் தருகிறது என்று விளக்கினேன். "பன்னெண்டு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு பில் வெளியே வருதா? இந்தக் கதையில நம்ப முடியாத இடம் இதுதான்" என்றார்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. ஈவ் பொலாஸ்ட்ரி, லண்டனில் உளவுத்துறையில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆள். கணவன் நீக்கோ கணக்கு வாத்தியார். பிரிட்ஜ் ஆட்டப் பிரியர். உலகத்திலேயே இவரை விட ஆபத்தில்லாத மனிதர் கிடைப்பது கஷ்டம். ஈவுக்கு அதுதான் பிரச்சினை. வில்லனெல் கூலிக்குக் கொல்பவள், ரஷ்யக்காரி, ரசனைக்காரி. இவளை ஈவ் துரத்த வேண்டும். துரத்தத் துரத்த இருவருக்கும் ஆசை பிறக்கிறது. பெர்லினில் ஈவின் பெட்டியைத் திருடி, ஈவின் அளவுக்கே உடைகளும் சென்ட்டும் அடுக்கித் திருப்பி அனுப்புகிறாள் வில்லனெல். அதே பெர்லினில் ஈவின் உயிர் நண்பர் பில்லைக் குத்திக் கொல்கிறாள். பரிசும் எழவும் ஒரே ஆளிடமிருந்து. ஈவாக நடித்த சாண்ட்ரா ஓ 2019இல் கோல்டன் குளோப் வாங்கினார். வில்லனெலாக நடித்த ஜோடி கோமர் அதே ஆண்டு எம்மி வாங்கினார். நீக்கோவாக நடித்தவருக்கு ஆறுதல் பரிசாவது கொடுத்திருக்கலாம். மூன்றாவது சீசனில், பாவம், போலந்துக்கு ஒதுங்கிப் போனவரின் கழுத்தில் வைக்கோல் அள்ளும் கவைக்கோலைப் பாய்ச்சிவிடுகிறார்கள். பிழைத்து, பேச்சு வராத நிலையில், ஒரு கருவியின் வாய் வழியாக ஈவை நிரந்தரமாகத் தொலைந்துபோகச் சொன்னார். அந்தக் கருவி உணர்ச்சியே இல்லாமல் அதை உச்சரித்தபோது நாங்கள் மூவரும் சிரித்துவிட்டோம். தப்புத்தான், ஆனால் தொடரே அப்படிப்பட்ட தொடர்.

இரண்டாம் சீசன் முடிவில்தான் மாமா ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தார். ரோமில் வில்லனெலைக் காப்பாற்றுவதாக நினைத்து ஈவ் ஒருவனைக் கோடரியால் வெட்டிக் கொல்கிறாள். வாழ்க்கையில் முதல் கொலை. அப்புறம் தெரிகிறது, வில்லனெலிடம் அவ்வளவு நேரமும் துப்பாக்கி இருந்திருக்கிறது. ஈவ் கையாலேயே ஒரு கொலை நடக்கட்டும் என்று சும்மா நின்றிருக்கிறாள். பழங்கால இடிபாடுகளுக்கு நடுவே நின்று, அலாஸ்கா போய்விடலாம், நிம்மதியாக இருக்கலாம் என்கிறாள். ஈவ் மறுத்துத் திரும்பி நடக்கிறாள். முதுகில் சூடு விழுகிறது.

"ஈவ் பக்கம் ஒரு குத்து. அந்தப் பொண்ணு பக்கம் ஒரு சூடு. டேலி" என்று எழுதிக் கீழே இரட்டைக் கோடு இழுத்தார் மாமா.

"அப்பா, இது காதல்" என்றாள் மனைவி.

"யார் இல்லைன்னா? நேரான கணக்குன்னுதானே சொல்றேன்."

யோசித்தால் மாமாவின் டைரி இலக்கிய விமர்சனமாகவே எனக்குப் பட்டது. இந்தக் காதல் முழுக்க கொடுக்கல் வாங்கல்தான். மூன்றாம் சீசனில், சூட்டிலிருந்து பிழைத்த ஈவ் லண்டனின் நியூ மால்டன் பகுதியில் ஒரு கொரிய உணவகத்தின் சமையல்கட்டில் கொழுக்கட்டை மாதிரி ஒன்றை மடித்துக்கொண்டிருக்கிறாள். வில்லனெல் ஒரு பஸ்ஸில் வந்து வழிமறிக்கிறாள். கைகலப்பு முற்றி, ஈவே அவளை முத்தமிடுகிறாள். முத்தமிட்ட சூட்டோடு தலையால் ஓங்கி முட்டுகிறாள். இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று மாமா கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் இரண்டு பக்கமும் எழுதினார். அந்த சீசன் டவர் பாலத்தில் முடிந்தது. முதுகோடு முதுகு ஒட்டி நின்று, எதிரெதிர்த் திசையில் நடக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஒப்பந்தம். நடக்கிறார்கள். இரண்டு பேருமே நின்று திரும்பிவிடுகிறார்கள். குத்து இல்லை, வெட்டு இல்லை, வசனமும் இல்லை. என்னைக் கேட்டால் கதை அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் தொலைக்காட்சிக்காரர்களுக்கு முடிந்த கதைதான் முதலீடு.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தத் தொடரில் ஒவ்வொரு சீசனுக்கும் தலைமை எழுத்தாளர் மாறினார். முதலில் ஃபீபி வாலர்-பிரிட்ஜ், பிறகு எமரால்ட் ஃபென்னல், பிறகு சுசான் ஹீத்கோட், கடைசியாக லாரா நீல். நால்வருமே பெண்கள், திறமைசாலிகள். கதாபாத்திரங்களை ஒருவர் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். மாமாவிடம் இதைச் சொன்னதும் முகம் பிரகாசமானது. "சார்ஜ் ஹேண்டிங் ஓவர்! அதான் பார்த்தேன். முன்னாடி இருந்தவர் தொடங்கின ஃபைலை நாலாவது ஆள் பார்த்தா என்ன எழுதுவான் தெரியுமா? மேல் நடவடிக்கை தேவையில்லை, முடிக்கப்பட்டது."

நான்காவது சீசன் அதே மாதிரிதான் நடந்தது. வில்லனெல் திருந்திவிடுவதாகத் தேவாலயத்தில் சேர்கிறாள். இயேசு வந்து தரிசனம் தருகிறார். அந்த இயேசுவும் ஜோடி கோமர்தான், தாடியோடு. திருந்தல் நீடிக்கவில்லை. இரண்டு பேரும் பெரும்பாலும் வேறு வேறு நாட்டில் வேறு வேறு ஆட்களோடு அலைகிறார்கள். எட்டு அத்தியாயத்தில் கடைசி அத்தியாயத்துக்கு வரும்போதுதான் ஒன்றாகப் பயணம். ஒரு வேனைக் கிளப்பிக்கொண்டு போகிறார்கள், வழியில் எதையோ வாங்கிச் சாப்பிடுகிறார்கள், சாலையோரத்தில் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். நான்கு வருஷம் காத்திருந்ததற்குக் கிடைத்த தாம்பத்தியம் அவ்வளவுதான். மனைவி சோபாவின் நுனிக்கு வந்துவிட்டாள். மாமாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. "இவ்வளவு சந்தோஷமா இருந்தா ஆகாதே" என்றார்.

பிறகு ஓர் இரவு தேம்ஸ் நதியில் ஒரு படகில் பன்னிருவரின் கூட்டம். மேல்தளத்தில் இரண்டு ஆண்களுக்குக் கல்யாணம் நடக்கிறது; அதை நடத்திவைக்கிற ஆளாக ஈவ் நுழைந்துவிடுகிறாள். அப்புறம் நடனமும் ஆடுகிறாள். கீழ்த்தளத்தில் வில்லனெல் பன்னிருவரைத் தீர்த்துக்கட்டுகிறாள். நான்கு சீசன் துரத்திய கும்பலின் முகத்தைக்கூட நமக்குக் காட்டவில்லை. மேலே வந்து இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். எங்கிருந்தோ குண்டு. ஈவைத் தள்ளிக்கொண்டு ஆற்றில் குதிக்கிறாள் வில்லனெல். தண்ணீருக்குள்ளும் குண்டுகள் விடுவதாக இல்லை. அவள் ரத்தம் இரண்டு சிறகுபோல விரிய, ஈவின் கைக்கு எட்டாமல் அவள் போய்ச் சேர்கிறாள். ஈவ் மேலே வந்து அலறுகிறாள். திரையை அடைத்துக்கொண்டு 'தி எண்ட்' என்று போடுகிறார்கள், பழைய படங்களில் மாதிரி. போடாவிட்டால் நாம் அடுத்த அத்தியாயத்தைத் தேடுவோம் என்ற பயமாக இருக்கலாம். கரையில் நிற்கும் கரோலின், ஈவின் முன்னாள் மேலதிகாரி, கையிலிருக்கும் கருவியில் ஒரு பாராட்டுச் சொல் சொல்கிறாள். இந்தக் கடைசி அத்தியாயம் 2022 ஏப்ரல் 10 அன்று ஒளிபரப்பானது.

என் மனைவி தொலைக்காட்சியை அணைக்காமல் எழுந்து போய்விட்டாள்.

வில்லனெல் செத்ததில் எனக்குக் குறையில்லை. எத்தனை பேரைக் கொன்றவள். வயதாகி, பேரப்பிள்ளைகளைக் கொஞ்சி, மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வாழ்வாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. என் ஆட்சேபம் குண்டின் மேல். குத்தியது ஈவ், சுட்டது வில்லனெல், முட்டியது ஈவ். நான்கு வருஷமாக இவர்களுக்குள் நடந்த விவகாரத்தில் கடைசிக் கையெழுத்தை முகம் தெரியாத ஒரு மூன்றாம் ஆள் போடுவது எந்த ஊர் நியாயம்? ஈவின் கையாலேயே செத்திருந்தால் அது துயரம். வில்லனெல் ஈவைக் கொன்றிருந்தால் தலைப்புக்காவது நியாயம் செய்ததாக இருந்திருக்கும். இது இரண்டும் இல்லை. காதலர்கள் ஒருவரை ஒருவர் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு, தூரத்திலிருந்து ஒருவர் சுட்டுவிட்டார் என்பது எப்படிப் பதிலாகும்?

இது புதிதும் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' தொடரில் 2002இல் டாராவும் வில்லோவும் பிரிந்து சேர்ந்த கையோடு, வேறொருத்தியைக் குறிவைத்த குண்டு ஜன்னல் வழியே வந்து டாராவைக் கொன்றது. 'த ஹண்ட்ரட்' தொடரில் 2016இல் லெக்ஸாவும் கிளார்க்கும் ஒன்று சேர்ந்த உடனே, கிளார்க்கைக் குறிவைத்த குண்டு லெக்ஸா மேல் பாய்ந்தது. பெண்ணும் பெண்ணும் காதலித்தால், அவர்கள் சண்டை போடும்வரை குண்டுகள் பொறுமையாக இருக்கின்றன. சமாதானமாகிவிட்டால் எங்கிருந்தோ கிளம்பி வந்துவிடுகின்றன. ஆண்-பெண் ஜோடிக்கும் உளவுக் கதையில் பெரிய சலுகை கிடையாது. 1969இல் ஜேம்ஸ் பாண்ட் ஒருமுறை கல்யாணமே செய்துகொண்டார். மாலை வாடுவதற்குள் ஓடும் காரிலிருந்து சுட்டு மனைவியைக் கொன்றுவிட்டார்கள். 2006இல் பாண்டின் காதலி வெஸ்பர் வெனிஸில் மூழ்கினாள். 2021இல் பாண்டே போனார், அவருக்கு மட்டும் ஏவுகணைகள். "அந்தஸ்துக்குத் தகுந்த செலவு" என்றார் மாமா.

ஆபத்தான காதலை ஒரு உளவுத் தொடர் எப்படி முடிக்கலாம் என்பதற்கு எங்கள் வீட்டில் ஏகமனதாக ஒப்புக்கொண்ட உதாரணம் 'தி அமெரிக்கன்ஸ்'. ரீகன் காலத்து வாஷிங்டன் புறநகரில், கேஜிபி ஜோடி சேர்த்து அனுப்பிய பிலிப்பும் எலிசபெத்தும் அமெரிக்கத் தம்பதியாக வேஷம் போட்டு வாழ்கிறார்கள். வேஷம் போகப்போக நிஜக் கல்யாணமாகிறது. (நடித்த மேத்யூ ரீஸும் கெரி ரஸ்ஸலும் நிஜத்திலும் ஜோடியானார்கள்.) மாமாவுக்கு இந்தத் தொடர் முதல் நாளே பிடித்துவிட்டது. காரணம், அவர்கள் ஒரு டிராவல் ஏஜென்சி நடத்துகிறார்கள். "பார்த்தீங்களா, வருமானத்துக்கு வழி காட்டியிருக்கான்!" 2018இல் வந்த கடைசி அத்தியாயத்தில், பல வருஷம் பக்கத்து வீட்டில் சிநேகிதனாக இருந்த எஃப்பிஐ அதிகாரி ஸ்டான் ஒரு கார் நிறுத்துமிடத்தில் துப்பாக்கியை நீட்டி அவர்களை மடக்கிவிடுகிறார். நாங்கள் மூன்று பேரும் காதைப் பொத்திக்கொண்டோம். சுடவில்லை. பேசுகிறார்கள், பேசி முடித்ததும் போக விட்டுவிடுகிறார். பிறகு ரயிலில் கனடா எல்லை. ஜன்னல் வழியே பார்த்தால், கூட வர வேண்டிய மகள் பெய்ஜ் பிளாட்பாரத்தில் நிற்கிறாள். இறங்கிவிட்டாள். மகனை ஏற்கெனவே விட்டாயிற்று. ரயில் நகர்கிறது. மாஸ்கோவை எட்டிப் பார்க்கும்போது மிச்சம், எந்த உத்தரவின் பேரில் ஜோடி சேர்ந்தார்களோ அந்த இரண்டு பேர் மட்டும். உயிரோடு விட்டுவிட்டு இவ்வளவு தண்டிக்க முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர்களுடைய விலையை அவர்களே கொடுத்தார்கள். வெளியிலிருந்து யாரும் வந்து கொடுக்கவில்லை.

'கில்லிங் ஈவ்' கதையின் மூலகர்த்தா லூக் ஜென்னிங்ஸ் (அந்த அமெரிக்கத் தம்பதியின் குடும்பப் பெயரும் ஜென்னிங்ஸ்தான், உறவில்லை) டிவி முடிவைப் பார்த்துவிட்டு 'கார்டியன்' பத்திரிகையில் வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். மரபுக்குப் பணிந்துவிட்டார்கள், இரண்டு பேரையும் தண்டித்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். 2020இல் வந்த அவருடைய மூன்றாவது நாவலில் ஈவும் வில்லனெலும் ரஷ்யாவில் உயிரோடு, ஒன்றாக, வேறு பெயர்களில் குடித்தனம் நடத்துகிறார்கள். வில்லனெல் காகிதத்திலாவது திரும்பி வருவாள் என்றும் வாக்குக் கொடுத்தார். மனைவி அன்றைக்கே அந்த நாவலுக்கு ஆர்டர் போட்டாள்.

மாமா மட்டும் டைரியை மூடவில்லை. சாப்பாட்டு வேளையிலும் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

"மாப்பிள்ளை, ஒரு சந்தேகம். அந்த கரோலின் அம்மா இப்ப உளவுத்துறையில இல்லையே?"

"இல்லை மாமா. வெளியே வந்துட்டாங்க. திரும்ப உள்ளே போகத்தான் இந்தக் கொலையையே செய்யச் சொன்னதா அர்த்தம்."

"அப்ப பதவியில இல்லாத ஒருத்தர் உத்தரவு போட்டிருக்காங்க. ஆத்தங்கரையில ராத்திரி நேரத்துல குறி பார்த்துச் சுட ஆள், துப்பாக்கி, வாக்கி-டாக்கி, எத்தனை தோட்டான்னு கணக்கே இல்லை." ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, டைரியைத் திறந்து எழுதிக்கொண்டே சொன்னார்: "யார் சாங்ஷன் பண்ணினது?"

"அதை அவங்க சொல்லலை மாமா."

"சொல்ல மாட்டாங்க" என்றார் மாமா. "ஆடிட் வரும்போது அந்த ஃபைல் ஆத்துல விழுந்துட்டதா சொல்லுவாங்க."