வறுமையை ஒழிக்க ஒரு பென்சில்

ஏன் பேராண்டி, மாவட்ட வாரியா மேப்புக்குக் கலர் அடிச்சிக்கிட்டு ராத்திரி பூரா கண்ணு முழிக்கற? ஏழைங்க இருக்கற எடம் செவப்பு, வசதியான எடம் பச்சையாம்! இந்த வேலைய எங்கிட்ட குடுத்திருந்தா செவப்பு மையே வாங்கியிருக்க மாட்டேன். நூறு ஏக்கர்காரனையும் அவன் நெலத்துல களை எடுக்கறவளையும் ஒரே கோட்டுக்குள்ள நிறுத்து; சராசரியில ரெண்டு பேருக்கும் அம்பது ஏக்கர். பட்டாவ மட்டும் கேட்டுடாதே.

நம்ம ஊர்க் கதையையே பாரு. 2019ல வேலூர மூணாக் கூறு போட்டாங்க. ராணிப்பேட்டை தனி, திருப்பத்தூர் தனி. ஒரு வீட்டு அடுப்பும் எடம் மாறல, சராசரி மட்டும் மூணாச்சு. இந்தத் திருப்பத்தூருக்குள்ளதான் ஆம்பூர் ஷூ கம்பெனியும் வாணியம்பாடி தோல்ஷாப்பும் இருக்குது. ஜவ்வாது மலை மேல புதூர்நாடும் இருக்குது. தோல்ஷாப்பு வருமானம் மலை ஏறினதில்ல, கணக்குல மட்டும் ஏறிடுது. தமிழ்நாட்டுல 2011 சென்சஸ்ல 32 மாவட்டம், இப்ப 38. பழைய வேலூரையும் புது வேலூரையும் பக்கத்துல வெச்சி ‘வளந்துடுச்சி, தேஞ்சிடுச்சி’ன்னு எவனாவது பேசுனா, ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடு.

கோட்ட மாத்தணும்னுகூட இல்ல, அகலமாப் போட்டாலே வித்தை நடக்கும். இங்கிலாந்துல யூல், கெண்டல்னு ரெண்டு பேரு, 1950ல வந்த அவங்க புஸ்தகத்துல, நம்ம மாவட்டம் மாதிரி அங்க இருக்கற 48 கவுண்டியோட கோதுமை வெளச்சலும் உருளைக்கெழங்கு வெளச்சலும் சேந்து ஏறுதா எறங்குதான்னு பாத்தாங்க. ஒட்டுறவு 0.22, ஏதோ தூரத்துச் சொந்தம். பக்கத்துக் கவுண்டிங்களச் சேத்துச் சேத்து 48ஐ மூணாக்கினாங்க. 0.99, கூடப்பொறந்ததே தோத்துடும்! ஒரு கெழங்கு கூடுதலா வெளையல கண்ணு. அந்தந்த ஊரு மேடுபள்ளமெல்லாம் சராசரியில அமுங்கிப் போச்சு, அவ்வளவுதான்.

உன் ஆபீசருக்கு அழகான மேப்புதான் வேணும்னா மாவட்டத்தோட நிறுத்திக்க, ப்ரமோஷனும் வரும். இல்ல, நெசமாவே ஏழையத் தேடறேன்னா, தாலுகா வாரியா ஒண்ணு, ஊராட்சி வாரியா ஒண்ணு போட்டுப் பாரு. மூணும் ஒரே பேச்சு பேசலேன்னா மூணையும் சேத்தே குடு. புதூர்நாட்டுக்குப் போவ வேண்டிய காசு, ஆம்பூர் செழிப்பக் காட்டி நின்னுடக் கூடாது.