எனக்கும் அதே

திருவண்ணாமலை பௌர்ணமி கிரிவலத்துக்கு அக்கா மகனையும் அவனுடைய கல்லூரிக் கூட்டாளிகள் நாலு பேரையும் அழைத்துப்போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "14 கிலோமீட்டர் இருக்குடா. பேச்சுவாக்குல நல்ல சாப்பாட்டப் பத்தியும் நாலு வார்த்தை சொல்லு" என்றாள் அக்கா. எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த ஒரு தகுதி போதும் என்று நினைத்துவிட்டாள்.

விடிகாலை நாலு மணிக்கு நடை. இந்திர லிங்கத்திலேயே ஆரம்பித்துவிட்டேன். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொண்டால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எம லிங்கம் வந்தபோது, இடத்துக்குப் பொருத்தமாக, மாரடைப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நிருதி லிங்கத்தில் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு சாமியார் மட்டும் தலையாட்டிக்கொண்டு வருகிறார். பிள்ளைகள் ஐஸ்கிரீம் வண்டியைச் சுற்றி நின்றார்கள்.

இத்தனைக்கும் அக்கா மகனின் அண்ணன் கோலாவை விட்டவன்தான். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்காக மெரினாவில் உட்கார்ந்துவிட்டு வந்து, பிரிட்ஜில் இருந்த பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றினான். வணிகர் சங்கங்களும் மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று அறிவித்தன. டாக்டர்கள் காலமெல்லாம் சொல்லி நடக்காததை ஜல்லிக்கட்டு மாடு ஒரே வாரத்தில் செய்து முடித்தது. பையன் பொவண்டோவுக்கு மாறினான். 1916-ல் தொடங்கிய காளிமார்க் கம்பெனியின் சரக்கு, நம்ம ஊர்ப் பானம். சந்தோஷம்தான். ஆனால் உள்ளே இருக்கும் சர்க்கரைக்கு ஊர்ப்பற்று உண்டா?

2023-ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தபோது என் பாட்டி ஞாபகம் வந்தது. அவள் இருந்த எல்லா ஆண்டும் சிறுதானிய ஆண்டுதான். கேவுரு களி, கம்மங்கூழ், மறுபடி களி. அரிசிச் சோறு தீபாவளிக்கு. இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் அந்தச் சாப்பாட்டின் அருமையைச் சொன்னார். அக்கா அதைக் கேட்டு வீட்டில் கூழ் காய்ச்சினாள். சின்ன மகனோ, "ஆடி மாசம் அம்மனுக்கு ஊத்தும்மா, எனக்கு எதுக்கு?" என்று சொல்லி நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரித்தான்.

அடி அண்ணாமலை வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய தலம் என்று சொல்லத்தான் ஆசை; உள்ளங்கால் எரிச்சலில் வாய் வரவில்லை. சாலையோரம் ஒரு வண்டி, அதில் மண்பானை, பக்கத்தில் மோர்மிளகாய், சின்ன வெங்காயம். எங்கள் கூட்டத்தில் ஒரு பெண், வழி முழுக்க அதிகம் பேசாமல் வந்தவள், நேராகப் போய், "அக்கா, ஒரு கம்மங்கூழ்" என்றாள்.

என் மருமகன் அரை நொடிகூட யோசிக்கவில்லை. "எனக்கும் அதே."

மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை. முகம் சுளிக்கவில்லை. மோர்மிளகாயைக் கடித்து, கண்ணில் தண்ணி வர, "சூப்பரா இருக்குல்ல?" என்று அவளிடம் கேட்டுவிட்டு இரண்டாவது சொம்பும் வாங்கினான். மற்ற மூன்று பேரும் வரிசையில் நின்றார்கள். எதிர்க்கடையில் மசால்வடை பொரிந்துகொண்டிருந்தது. என் கால் பாதி அந்தப் பக்கம் திரும்பியும் விட்டது. "அங்கிள், உங்களுக்கு?" என்றாள் அந்தப் பெண். மாரடைப்பைப் பற்றி அவ்வளவு பேசியவன் என்ன செய்ய முடியும்? "எனக்கும் அதே" என்றேன்.

அவன் கூழ் குடிப்பதைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன். ஆனந்தக் கண்ணீர் வடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடுத்த நிமிஷமே போன் வந்தது.

"பக்கத்துல நிக்கிற பொண்ணு யாருடா?"

கூழைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே பெற்றோர்களே, பிள்ளை நல்லதைச் சாப்பிட வேண்டுமென்றால் புத்தி சொல்வதைக் குறையுங்கள். நடக்கிற வழியில் கூழ் வண்டி இருக்கட்டும். விலை கைக்கு எட்டட்டும். முதலில் வாங்கிக் குடிக்க ஒரு நல்ல சிநேகிதம் கூட வரட்டும். அது யார் வீட்டுப் பெண் என்று மட்டும் உடனே போன் போட்டுக் கேட்காதீர்கள்.