ஜெபிச்சுப்போட்டுச் சொல்லுறன்

இறையியல் படிக்கிற தம்பியிடம் ஓர் உதவி கேட்டுப் பாருங்கள். மாட்டேன் என்று ஒருநாளும் சொல்ல மாட்டான். கண்ணை அரைவாசி மூடுவான். தலையை ஒரு பக்கம் சரிப்பான். பெருமூச்சு ஒன்று போகும். பிறகு வரும்: "ஜெபிச்சுப்போட்டுச் சொல்லுறன் அண்ணை."

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் இதைக் கேட்டு மனம் நோகாத வீடு ஒன்றுமில்லை. ஒருவர் வீடு மாறினார். கட்டில் தூக்க ஆள் தேவைப்பட்டது. தம்பியைக் கேட்டார்கள், ஜெபிக்கப் போனான். கட்டில் மாடிப்படி இறங்கி, வாகனத்தில் ஏறி, புது வீட்டுக்குப் போய், கடைசித் திருகாணியும் இறுக்கப்பட்ட பிறகு தொலைபேசி அடித்தது. "அண்ணை, ஜெபிச்சனான். கட்டாயம் போ எண்டு உணர்த்தப்பட்டது. எத்தினை மணிக்கு வர?" பரலோகத்திலிருந்து அவனுக்கு வருகிற பதில் எல்லாம் இப்படித்தான், வேலை முடிந்து தேநீர் ஊற்றுகிற நேரம் பார்த்துச் சரியாக வந்து சேரும்.

ஜெர்மன்காரனிடம் கேட்டால் நாட்காட்டியைப் பார்ப்பான். முடியும் அல்லது முடியாது என்பான். முகத்தில் அடித்த மாதிரித்தான் இருக்கும். ஆனால் வேறு ஆளைத் தேடலாம். தம்பியிடம் கேட்டுவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். மேலே பரிசீலனையில் இருக்கிற விண்ணப்பத்தை யார் போய்த் திருப்பி வாங்குவது? "இன்னும் பதில் வரேல்லையோ தம்பி?" என்று கேட்டால் நமக்குத்தான் விசுவாசம் குறைவு.

எதற்கு ஜெபம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதற்கும் அவனிடம் ஓர் ஒழுங்கு உண்டு. பாரம் தூக்க, வேண்டும். ஆராதனை முடிந்து நாற்பது தேநீர்க் கோப்பை கழுவ, வேண்டும். ஞாயிறு பாடசாலையில் சத்தம் போடுகிற சின்னப் பிள்ளைகளின் வகுப்பை எடுக்க, உபவாசத்தோடு வேண்டும். ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் இருக்கு, வாறியா என்று கேட்டால் வேண்டாம். கேள்வி முடிவதற்குள் சப்பாத்துப் போட்டிருப்பான்.

ஒருமுறை எங்கள் ஊர்க் கால்பந்து அணியான ஷால்க்க 04-இன் ஆட்டத்துக்கு எனக்கு ஒரு நுழைவுச்சீட்டு மிஞ்சியது. தம்பிக்கு அன்று கர்த்தர் கண் இமைக்கும் நேரத்தில் பதில் கொடுத்தார். வெட்கம் கொஞ்சம் இருந்தபடியால் ஒரு விளக்கமும் சொன்னான்: அந்த விளையாட்டரங்குக்குள்ளே ஒரு சிற்றாலயம் இருக்கிறதாம், கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் பொதுவாம், அதிலே கல்யாணமும் ஞானஸ்நானமும் நடக்கிறதாம், இறையியல் மாணவன் பார்க்கவேண்டிய இடமாம். அத்தனையும் உண்மை. ஆனால் தொண்ணூறு நிமிடமும் அவன் பார்த்தது பந்தை. 1958-க்குப் பிறகு ஜெர்மன் சாம்பியன் பட்டம் கிடைக்காமலே ஒரு நகரம் முழுக்கக் காத்துக்கொண்டிருக்கிறது. ஜெபத்துக்குப் பதில் பிந்துவது இந்த ஊரில் புதினமில்லை. பந்து கம்பத்தில் பட்டபோது தம்பி சொன்ன சொல்லை நான் இங்கே எழுதவில்லை.

ஆவணியில் கெவலார் என்ற ஊரில் இருக்கிற மாதாவிடம் தமிழ்ச்சனம் திரண்டு போகும். கத்தோலிக்கரோடு சைவக்காரரும் கார் பிடித்துப் போவார்கள். தம்பி புரட்டஸ்தாந்து. மாதா திருவிழாவில் அவனுக்கு என்ன அலுவல் என்று கேட்டேன். "மக்களின்ர பக்தி வழக்கத்தை ஆய்வு செய்யோணும் அண்ணை." ஆய்வு முழுவதும் மரநிழலில், சாப்பாட்டுப் பொதிகளுக்கு நடுவே நடந்தது.

நீளமான சாப்பாட்டு ஜெபம், கறி ஆறிய பிறகு வருகிற கிரேக்க விளக்கம் இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, அவன் பேசுகிற பேச்சின் அழகு. எங்கள் மேசையில் இருந்துதான் ஷ்பேனர் என்ற பழைய ஜெர்மன் போதகரைப் பற்றிச் சொன்னான். 1675-இல் அந்த மனிதர் எழுதிய சின்னப் புத்தகம் ஜெர்மன் திருச்சபையையே உலுக்கியதாம். கிறிஸ்தவம் அறிவில் இல்லை, நடப்பில்தான் இருக்கிறது. இறையியல் மாணவனுக்குப் படிப்போடு பக்தியுள்ள வாழ்க்கையும் வேண்டும் என்பது அதன் சாரமாம். பிறகு ஹாலே நகரத்து ஃபிராங்கே. அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளிக்கூடமும் கட்டினார். ஏழை இறையியல் மாணவர்களை அங்கே படிப்பிக்க விட்டு, அதற்குப் பதிலாகச் சாப்பாடு போட்டார். அந்த ஹாலேயில் படித்த சீகன்பால்கு என்ற மிஷனரிதான் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார். "ஜெர்மன்காரன் எங்களுக்குக் கொண்டுவந்த கடனை நான் இஞ்ச திருப்பிக் கட்டுறன் அண்ணை" என்று முடித்தான். ஃபிராங்கேயின் ஏற்பாட்டில் எங்கள் வீட்டில் இன்னும் நடைமுறையில் இருப்பது சாப்பாடு மட்டும்தான்.

போன்ஹோஃபர் என்ற ஜெர்மன் போதகரின் கதையையும் அவன்தான் சொன்னான். 1935-இல் ஹிட்லரின் காலத்தில் ஃபிங்கன்வால்டே என்ற ஊரில் போதகர் பயிற்சிக் கல்லூரி நடத்தினார். ஒருநாள் குசினியில் இருந்து உதவிக்கு ஆள் கேட்டார்கள். மாணவர் ஒருவரும் எழும்பவில்லை. போன்ஹோஃபர் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து குசினிக்குள் போனார். வெட்கப்பட்டு ஓடிவந்த மாணவர்களை அவர் உள்ளே விடவில்லை. இரண்டு வருடத்தில் கெஸ்டாப்போ அந்தக் கல்லூரியை மூடியது. இதைச் சொல்லும்போது தம்பிக்குக் கண் கலங்கியது. எங்களுக்கும் கலங்கியது. பிறகு எழும்பி, கதிரையைக்கூட உள்ளே தள்ளாமல், செற்றியில் போய்ச் சாய்ந்தான். கோப்பை மேசையில் காய்ந்துகொண்டிருந்தது.

அவன் எங்கள் கட்டடத்திலேயே மேல்மாடி அறையில் குடியிருக்கிறான். இங்கே மாடிப்படி கூட்டிக் கழுவுவது குடியிருப்போரின் முறை. எங்கள் கட்டடத்தில் முறைக்குரியவரின் கதவில் அட்டை ஒன்று தொங்கும். தம்பியின் கதவுக்கு வந்த அட்டை அங்கேயே தங்கிவிட்டது. கேட்டபோது என்ன சொன்னான் என்று எழுதத் தேவையில்லை. படியைக் கழுவியது என் மனைவி. அவளுக்கு முழங்கால் நோ. அடுத்த முறையும் அவள்தான் கழுவினாள்.

பகிடி போதும். தம்பி, களைப்பு என்றால் களைப்பு என்று சொல். எபிரேயப் பரீட்சை என்றால் பரீட்சை என்று சொல். எபிரேயமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே தலைக்குள் போவது லேசில்லை என்று எங்களுக்கும் தெரியும். "ஏலாது அண்ணை" என்றால் யார் கோபிக்கப் போகிறார்கள்? உன் சோம்பலுக்கு ஆண்டவரை ஏன் பொறுப்பாளி ஆக்குகிறாய்? அவரை நடுவில் நிறுத்திவிட்டால் உன்னோடு எங்களுக்குச் சண்டை பிடிக்கவும் வழியில்லை. மத்தேயு 21-ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பனுக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திராட்சைத் தோட்டத்துக்குப் போனான். மற்றவன் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. ஜெபித்துவிட்டுச் சொல்கிற மூன்றாவது பிள்ளை அப்போது பிறந்திருக்கவில்லை. பிறந்திருந்தால் திராட்சை அழுகியிருக்கும்.

இவ்வளவும் எழுதிவிட்டு இதையும் எழுதாவிட்டால் பாவம். போன மாரியில் ஒரு தமிழ் அம்மாவுக்கு நடுச்சாமத்தில் நெஞ்சுநோ. பிள்ளைகள் வேறு நாட்டில். அவவுக்கு ஜெர்மன் தெரியாது. யாரோ தம்பிக்கு அடித்தார்கள். நித்திரை உடுப்புக்கு மேலே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஓடினான். வைத்தியர் சொன்னதை அவவுக்கும், அவ சொன்னதை வைத்தியருக்கும் விடியும்வரை மொழிபெயர்த்தான். படிவம் நிரப்பினான். அவவின் செருப்பைத் தேடிக் கொடுத்தான். காலமை முகம் வீங்கி வந்தவனிடம் கேட்டேன்: "போக முதல் ஜெபிச்சனியோ?"

"எங்க அண்ணை, நேரம் கிடைக்கேல்லை."

ஆக, ஜெபிக்க நேரம் கிடைக்காதபோது அவன் நல்ல கிறிஸ்தவன்.

இந்த ஊரில் ஹெய்லிக் க்ரொய்ஸ் ஆலயம் 2007-இல் மூடப்பட்டு இன்று நிகழ்ச்சி மண்டபமாக இருக்கிறது. இப்படியான காலத்தில் ஒரு தமிழ்ப் பொடியன் 302 ட்ராமில் தொங்கி போஹுமுக்குப் போய் வேதம் படிக்கிறான் என்றால் சும்மாவா? நாளைக்குப் பரீட்சை எழுதி, பயிற்சிப் போதகராக இரண்டு வருடத்துக்கு மேல் உழைத்து, அங்கி போட்டு நிற்பான். முன்வரிசையில் நாங்கள் இருப்போம். நன்றாகப் பிரசங்கிப்பான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதுவரைக்கும் ஒரு சின்ன அலுவல். தமிழ்க் கடையில் இருந்து வந்த அரிசி மூட்டை கீழே வாசலில் கிடக்கிறது. இருபது கிலோ. வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. தம்பி மத்தியானம் சாப்பிட வருகிறான். வெறுங்கையோடு வந்தால் கதவு திறக்காது.