முதல் ஹெலிகாப்டர்

ரேடியோவால் இயங்கும் மின்சார ஹெலிகாப்டரை முதன்முதலாக வாங்கப் புறப்படும் கனவான், ஒரே அச்சில் எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரட்டை விசிறிகள் கொண்டதும், கற்றுக்குட்டியின் கையிலும் அந்தரத்தில் சாதுவாக நிற்பதுமான சிறு யந்திரத்தைக் கடைக்காரர் காட்டும்போது, "இது குழந்தைகளுக்கல்லவா?" என்று மந்தஹாசம் புரிந்து, இறக்கைகளின் சாய்கோணத்தைக் கணத்தில் மாற்றித் தலைகீழாகவும் பறக்கவல்ல உயர்ஜாதி யந்திரத்தையே சுட்டிக்காட்டுவது லோக வழக்கம். அதன் விசிறி நிமிஷத்துக்கு 2000 தடவைக்கு மேல் சுழலும் என்பதை அவர் பரவசத்தோடு கேட்டுக்கொள்வார். கூடத்து மின்விசிறி ஏறக்குறைய 350 சுற்றோடு திருப்தியடைந்துவிடுகிறது என்பதை அச்சமயம் எவரும் நினைவூட்டுவதில்லை. யந்திரத்தின் மூக்கு தம்மை நோக்கித் திரும்பியதும் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடும் பரம ரகசியம், முதல் மரத்தருகே அவருக்குச் சித்திக்கும். பிறகு வால்தண்டு, பற்சக்கரம், இறக்கை என்று உதிரிபாக யாத்திரை தொடங்கும். (கடைக்காரர் அன்றுமுதல் அவரைப் பெயர் சொல்லி உபசரிப்பார்.) லித்தியம் பாலிமர் பாட்டரியோ, அடிபட்டு வீங்கினால் தீப்பற்றும் சுபாவமுடையது, விழுந்த யந்திரத்தைவிட அதைத்தான் முதலில் பரிசோதிக்க வேண்டும்.

ஆகவே வாசகரே, கணினியிலுள்ள பறத்தல் பயிற்சி மென்பொருளில் ஆசைதீர விழுந்து எழுந்துவிட்டு, அந்த இரட்டை விசிறிப் பொம்மையையே வாங்கும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.