மலையேறினால் உயிர்வளி குறையுமா?

கேள்வி: எஸ்.பி.எம். உயிரியலில் சுவாசப் பாடம் எனக்கு மனப்பாடம். ஆனால் 'உயரமான மலையில் சுவாசம் எப்படி மாறும்?' என்று கேட்டால் பேனா நின்றுவிடுகிறது, ஐயா. எதைப் படிப்பது?
– தேயிலைத் தோட்ட மாணவி, கேமரன் மலை

பதில்: பலர் எழுதும் பதில், 'மலையில் உயிர்வளியின் விழுக்காடு குறைவு' என்பது. அது தவறு. கிள்ளானிலும் 21 விழுக்காடுதான், சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவிலும் 21தான். குறைவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் 760 மி.மீ. பாதரசம், சுமார் 1,440 மீட்டர் உயரத் தானா ராத்தாவில் ஏறக்குறைய 640. அதில் உயிர்வளியின் பங்கு, அதாவது பகுதி அழுத்தம், 160இலிருந்து 134க்கு இறங்குகிறது. இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் பாடம் முழுவதும் அதன் பின்னால் வரும். கடல் மட்டத்தில், நுரையீரல் காற்றறையில் உயிர்வளியின் அழுத்தம் சுமார் 104; அங்கு வந்து சேரும் இரத்தத்தில் 40. இந்த வேறுபாடே உயிர்வளியை இரத்தத்துக்குள் தள்ளுகிறது. கரிவளிக்கு வேறுபாடு வெறும் 5தான், 45க்கும் 40க்கும் இடையில். ஆனாலும் அது தடையின்றி வெளியேறுகிறது. நீரில் உயிர்வளியைவிட ஏறக்குறைய இருபது மடங்கு எளிதாகக் கரைவதே காரணம். ஒற்றைச் செல் தடிமனுள்ள சுவர், ஈரப் படலம், பரந்த பரப்பு என்று நீங்கள் ஒப்பிக்கும் பட்டியல் முழுவதும் வளி எளிதாக ஊடுருவுவதற்கான ஏற்பாடு. இரத்தம் ஓடிக்கொண்டே இருப்பதும் நாம் மூச்சு விட்டுக்கொண்டே இருப்பதும் அந்த வேறுபாடு தீர்ந்துவிடாமல் காக்கின்றன.

'அப்படியானால் கேமரன் மலைக்காரர்கள் எல்லாரும் மூச்சு வாங்க வேண்டுமே?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, தேர்வில் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஹீமோகுளோபினின் உயிர்வளி நிறைவு வரைபடத்தின் மேற்பகுதி தட்டையானது. காற்றறையில் உயிர்வளியின் அழுத்தம் 80க்கு இறங்கினாலும் ஹீமோகுளோபின் சுமார் 95 விழுக்காடு நிறைந்தே இருக்கும். கொழுந்து மூட்டையோடு சரிவில் ஏறுபவருக்கு மூச்சு வாங்குவது பெரும்பாலும் உழைப்பால்: தசைகளில் கரிவளி பெருகுகிறது, இரத்தத்தின் பி.எச். இறங்குகிறது, முகுளம் மூச்சை விரைவுபடுத்துகிறது. 4,095 மீட்டர் கினபாலு உச்சியில் கதை வேறு. அங்கே கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள உணர்விகள் உயிர்வளிக் குறைவையே உணர்ந்து மூச்சைக் கூட்டுகின்றன; பல நாள் தங்கினால் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் சுரந்து சிவப்பணுக்களைப் பெருக்கும். இந்த இரண்டு காரணங்களையும் ஒன்றாகக் குழப்பினால் மதிப்பெண் போகும்.

'திருத்துபவர் தேடுவது முக்கியச் சொற்களைத்தானே, மனப்பாடம் போதாதா?' என்று உங்கள் தோழியர் வாதிடலாம். முக்கியச் சொற்கள் கட்டாயம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தெரியாத சூழலைத் தந்து 'விளக்குக' என்னும்போது, எந்தச் சொல் எதற்குக் காரணம் என்ற வரிசை தெரியாதவரால் அவற்றைக் கோக்க முடியாது. இன்றே ஒன்று செய்யுங்கள்: புத்தகத்தை மூடிவிட்டு, புகைபிடிப்பவரின் காற்றறைச் சுவர்கள் சிதைந்தால் இரத்தத்தில் உயிர்வளி ஏன் குறைகிறது என்று ஐந்து வரியில் எழுதி உங்கள் உயிரியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.