முதல் ஆல்பம் சுமாராக இருக்கட்டும்

ராக் இசைக்குழு ஒன்றின் முதல் ஆல்பம் வெற்றி பெற்றுவிட்டால், இரண்டாவதுக்கான தீர்ப்பு அன்றைக்கே எழுதப்பட்டுவிடும். பாட்டைக் கேட்பதெல்லாம் வெறும் சம்பிரதாயம்.

நியூயார்க்கின் தி ஸ்ட்ரோக்ஸ் 2001-இல் அறிமுகமாகிக் கொண்டாடப்பட்டார்கள். 2003-இல் அதே பாணியில் அடுத்ததைக் கொடுத்தார்கள். அரைத்த மாவையே அரைக்கிறார்கள் என்று முணுமுணுப்பு எழுந்தது. சரி, மாற்றித்தான் பார்ப்போமே என்று எம்ஜிஎம்டி குழு 2010-இல் தன் இரண்டாவது ஆல்பத்தில் பாதையைத் திருப்பியது. பழைய துள்ளல் எங்கே என்று அதே ஜனம் கேட்டது.

அவசரப்படாமல் செய்யலாமா? மான்செஸ்டரின் ஸ்டோன் ரோசஸ் 1989-இல் வந்த முதல் ஆல்பத்துக்குப் பிறகு கோர்ட், வழக்கு, புது ஒப்பந்தம் என்று அலைந்து, 1994 இறுதியில்தான் இரண்டாவதான ‘செகண்ட் கமிங்’கை வெளியிட்டார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அதே ஊரின் ஒயாசிஸ் குழு வந்து நாற்காலியைப் பிடித்துவிட்டது.

தப்பித்தவர்களும் உண்டு. நிர்வாணாவின் முதல் ஆல்பத்துக்கு ஆன பதிவுச் செலவு சுமார் 606 டாலர். எதிர்பார்ப்பும் அந்த அளவுதான். 1991-இல் ‘நெவர்மைண்ட்’ உலகையே புரட்டியது. ரேடியோஹெட்டின் 1993 அறிமுகத்தில் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் பெயர். 1995-இல் ‘தி பெண்ட்ஸ்’ வந்ததும் விமர்சகர்கள் எழுந்து நின்றார்கள்.

ஆகவே புதுக்குழுக்களே, நல்ல மெட்டுகளை இரண்டாவதுக்குப் பதுக்கி வையுங்கள். மூன்றாவதுக்கு என்ன செய்வது என்கிறீர்களா? கவலை வேண்டாம், பெரும்பாலும் அதற்குள் குழுவே கலைந்திருக்கும்.