புலிப்பாலும் செவ்வாய்க்கிழமையும்

பெரு நாட்டுத் தலைநகர் லிமாவில் டாக்சி ஏறுகிறவர்கள் ஒரு வாய்மொழித் தேர்வுக்குத் தயாராக இருக்க வேண்டும். எந்த ஊர், எத்தனை நாள் தங்கல் என்பதெல்லாம் ஒப்புக்குக் கேட்பது. அடுத்து வருவதுதான் கேள்வி: “எங்க ஊர்ச் சாப்பாட்டில் உங்களுக்கு எது பிடித்தது?” நானும் என் மனைவியும் விமானத்தில் தூங்கி எழுந்து நேரே வெளியே வந்தவர்கள். பெரு நாட்டுத் தண்ணீரைக்கூட இன்னும் குடிக்கவில்லை. அங்கே வேலை பார்க்கும் மகன் என் காதருகே குனிந்து, “செவிச்சேன்னு சொல்லுங்கப்பா” என்றான். சொன்னேன். ஓட்டுநர் முகம் மலர்ந்து, “எந்தக் கடையில்?” என்றார்.

செவிச்சே என்பது பச்சை மீன். துண்டு போட்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகாய், சிவப்பு வெங்காயம் சேர்த்துப் பிசறி, பக்கத்தில் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கும் பெரிய பெரிய மணியாகச் சோளமும் வைத்துக் கொடுக்கிறார்கள். முன்பெல்லாம் மணிக்கணக்கில் ஊறவைப்பார்களாம். ஜப்பானியர்கள் வந்து குடியேறிய பிறகு அந்தப் பொறுமை குறைந்து, இப்போது சில நிமிடங்களில் மேஜைக்கு வந்துவிடுகிறது. புளிப்புப் பட்டதும் மீன் வெளுத்து, வெந்த மாதிரியே ஆகிவிடும்.

“எலுமிச்சைச் சாறே வேகவைச்சுடும்மா” என்று மகன் விளக்கினான்.

“அப்ப நம்ம வீட்டுல கேஸுக்கு எதுக்குடா இவ்வளவு செலவு?” என்றாள் என் மனைவி.

சாறு பட்டால் வெந்த தோற்றம்தான் வரும்; கிருமிகள் அடுப்பில் சாகிற மாதிரி சாகாது. அதனால் மீன் அன்று காலையில் வந்ததாக இருக்க வேண்டும். செவிச்சே கடைகள் பெரும்பாலும் மதியத்தோடு மூடிவிடுவதற்கும் இதுதான் காரணம். ராத்திரியில் செவிச்சே கேட்பவனை லிமாக்காரர்கள் இரக்கத்தோடு பார்க்கிறார்கள். இந்த மீனுக்கு 2023-இல் யுனெஸ்கோ அங்கீகாரம்கூடக் கிடைத்திருக்கிறது.

தட்டில் மீன் தீர்ந்ததும் அடியில் தேங்கும் வெண்மையான புளிப்புச் சாற்றுக்குப் பெயர் புலிப்பால். ஐயப்பன் கதையில் மணிகண்டனைக் காட்டுக்கு அனுப்பி, புலி மேல் ஏறி வரவைத்து, அவ்வளவு பாடுபட்டுக் கேட்ட சமாசாரம், லிமாவில் தனியாகவே டம்ளரில் விற்கிறது. முந்தின நாள் குடித்தவர்களுக்குத் தலைவலி போகும் என்றும், ஆண்களுக்கு வேறு சில நன்மைகள் உண்டு என்றும் பரிமாறுபவர் விவரித்தார். முதலாவதை மட்டும் மகன் மொழிபெயர்த்தான். இரண்டாவதைப் பரிமாறுபவரின் சைகையிலிருந்தே என் மனைவி புரிந்துகொண்டு, டம்ளரைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, செவ்வாய்க்கிழமை வரும்வரை. என் மனைவி செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் அசைவம் தொடமாட்டாள். பூமியின் மறுபக்கத்தில் இருக்கிறோமே, இங்கே செவ்வாய் ஆரம்பிக்கும்போது நம் ஊரில் பாதி செவ்வாய் முடிந்துவிட்டதே என்றெல்லாம் நான் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. மகன் பரிமாறுபவரிடம் விஷயத்தைச் சொன்னான்.

“அலர்ஜியா?” என்றார் அவர் கவலையோடு.

“இல்லை, இன்று செவ்வாய்.”

“நாளைக்கு?”

“நாளைக்குச் சாப்பிடுவார்.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இப்படி ஒரு நோயை இதுவரை பார்த்ததில்லை என்கிற முகத்தோடு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் மஞ்சள் நிறத்தில் கெட்டிக் குழம்பு. என் மனைவி ஏதோ கூட்டு என்று சந்தோஷமாகக் கரண்டியை விட்டாள். நார் நாராக வந்தது. கோழி! இறைச்சி வேண்டாம் என்றால் அங்கே மாடு வேண்டாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கோழியை யாரும் அவ்வளவு தூரம் மதிப்பதில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதை எடுத்துப்போய், அடுத்து ஒரு தட்டு வைத்தார். அவித்த உருளைக்கிழங்கு வில்லைகள். மேலே மஞ்சள் மிளகாய், பாலாடைக்கட்டி, பால், பிஸ்கட் எல்லாம் சேர்த்து அரைத்த சாந்து. வான்காயோ என்கிற ஊரின் பெயரால் வழங்கும் இந்த உருளைக்கிழங்கு பிரமாதம். அதன்மேல் அரை முட்டை. செவ்வாய்க்கிழமையில் முட்டையின் நிலை என்ன என்று எங்கள் குடும்பத்திலேயே இரண்டு கட்சி உண்டு. எதற்கு வம்பு என்று முட்டை என் தட்டுக்கு வந்தது.

விஷயம் அடுக்களைவரை போயிருக்க வேண்டும். சமையல் செய்த அம்மாளே ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று, எப்படி இருக்கிறது என்று கேட்டார். “உப்பு கொஞ்சம் தூக்கல், மிளகாய் பத்தலை” என்றாள் என் மனைவி. ‘வாழ்நாளில் இப்படிச் சாப்பிட்டதில்லை’ என்று மகன் அதை ஸ்பானிஷில் சொன்னான். அந்த அம்மாள் கண்கலங்கி, என் மனைவியைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார்.

“பாருங்க, குறையைச் சொன்னாலும் எவ்வளவு நல்லவிதமா எடுத்துக்கறாங்க! உங்க அக்காவும் இருக்காங்களே” என்றாள் அவள் என்னிடம்.

உருளைக்கிழங்கைப் பற்றி அங்கே அலட்சியமாகப் பேசக்கூடாது. உலகத்துக்கே அதைக் கொடுத்த மலைகள் அவர்களுடையவை. 1971-இல் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு மையம் லிமாவில்தான் இருக்கிறது. அதன் சேமிப்பில் 4,000-க்கும் மேற்பட்ட ரகங்கள். இந்தப் பெருமை தட்டிலும் தெரியும். மாட்டிறைச்சியை வெங்காயம், தக்காளியோடு வதக்கி, அதனுடன் உருளைக்கிழங்கு வறுவலைக் கலந்து, பக்கத்தில் சோற்றையும் குவித்துக் கொடுப்பார்கள். சோற்றுக்குக் கிழங்கு தொட்டுக்கொண்டே வளர்ந்த நமக்கு அதைப் பார்த்துச் சிரிக்க யோக்கியதை இல்லை.

வெள்ளிக்கிழமை எங்களைக் காப்பாற்றியவர்கள் சீனர்கள். 1849 முதல் கூலி வேலைக்குக் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததிகள் வைத்த சாப்பாட்டுக் கடைகளுக்கு ‘சீஃபா’ என்று பெயர். லிமாவில் தெருவுக்குத் தெரு உண்டு. காய்கறி போட்ட ஃப்ரைட் ரைஸைக் கண்டதும் என் மனைவி சொந்த ஊருக்கு வந்துவிட்ட நிம்மதியோடு உட்கார்ந்தாள். சீஃபாவில் குடிக்க வேண்டியது இன்கா கோலா. 1935-இல் பிறந்த இந்த மஞ்சள் சோடாவைச் சொந்த மண்ணில் தோற்கடிக்க முடியாமல், 1999-இல் கோகோ கோலாவே அதில் பங்கு வாங்கிச் சமாதானமாகப் போனது. குடித்துப் பார்த்தேன். ஒரே தித்திப்பு. இந்தப் போரில் இரண்டு தரப்பையும் ஆதரிக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஊதாச் சோளத்தை அன்னாசித் தோல், பட்டை, கிராம்பு போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றிய சீச்சா மொராதா அதைவிட எவ்வளவோ மேல். சந்தையிலோ, பழச்சாறு டம்ளர் காலியானதும் மிக்ஸியில் மிச்சம் இருப்பதையும் கொசுறாக ஊற்றுகிறார்கள். அந்த நாட்டை என் மனைவி முழுமனதோடு ஏற்றுக்கொண்டது அங்கேதான்.

அவர்களுடைய அரசாங்கக் காலண்டரை யாராவது சாப்பிட்டுவிட்டு எழுதியிருக்க வேண்டும். மே 30 உருளைக்கிழங்கு தினம். ஜூன் 28 செவிச்சே தினம். ஜூலை மூன்றாம் ஞாயிறு, தணலில் சுட்ட கோழிக்கு. பிப்ரவரி முதல் சனிக்கிழமை, பிஸ்கோ என்கிற திராட்சைச் சாராயத்தில் முட்டை வெள்ளைக்கரு அடித்துக் கலக்கும் பிஸ்கோ சவருக்கு. அக்டோபர் இரண்டாம் வெள்ளி கூய் தினம். கூய் என்றால் கினிப்பன்றி. “வெள்ளிக்கிழமையா? நல்லவேளை” என்றாள் மனைவி.

கூஸ்கோ நகரத்துப் பேராலயத்தில் மார்கோஸ் சபாத்தா என்பவர் 18-ஆம் நூற்றாண்டில் வரைந்த இயேசுவின் கடைசி இராவுணவு ஓவியம் இருக்கிறது. மேஜை நடுவே, காலைத் தூக்கியபடி கூய். அதன் பிறகு மறுக்க முடியுமா? ஓட்டலில் தலையும் பல்லுமாக முழுசாகக் கொண்டுவந்து, போட்டோ எடுத்து முடித்ததும் உள்ளே எடுத்துப்போய்த் துண்டு போட்டுத் தருகிறார்கள். தோல் மொறுமொறுப்பு, கறி கொஞ்சம், எலும்பு ஏராளம். உழைப்புக்கேற்ற ஊதியம் இல்லை. என் மனைவி அந்த வேளை முழுக்க ஜன்னலுக்கு வெளியே மலையை ரசித்துக்கொண்டிருந்தாள்.

2023-இல் உலகின் சிறந்த உணவகங்களில் முதலிடம் பிடித்த ‘சென்ட்ரல்’ லிமாவில்தான் இருக்கிறது. கடலுக்கு அடியிலிருந்து ஆண்டீஸ் உச்சிவரை, உயர வாரியாகப் பதார்த்தங்கள் வருமாம். விலையைப் பார்த்ததும் எனக்குக் கடல்மட்டத்திலேயே மூச்சுத் திணறியது. 15 சோலுக்கு, அதாவது 350 ரூபாய் சுமாருக்கு, சூப்பும் சோறும் குடிக்க ஒரு டம்ளர் ஏதாவதும் தந்த மதியச் சாப்பாட்டுக் கடைகளே எங்களுக்குப் போதுமானதாக இருந்தன. சாப்பிட்டு எழுந்து போகிற முன்பின் தெரியாதவர்கள்கூட, நன்றாகச் சாப்பிடுங்கள் என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள். அதற்கு ஒவ்வொரு தடவையும் என் மனைவி, “நீங்களும் உக்காருங்க” என்றாள், தமிழில்.

நீங்கள் போவதாக இருந்தால், பிஸ்கோ சிலியிலும் உண்டாமே என்று மட்டும் பேச்செடுக்காதீர்கள். இரண்டு நாடுகளுக்கும் அது தீராத வழக்கு. டாக்சிக்காரருக்குச் சொல்ல ஒரு பதார்த்தத்தின் பெயரையும் ஒரு கடையின் பெயரையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். செவிச்சே கடைக்கு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள். அதற்குமேல் போனால் வரிசையில்தான் நிற்க வேண்டும்.